எடைக்கு எடை வெல்லம்

உடையப்பனுக்குத் தொப்பை வந்த கதை ஊருக்கே தெரியும். போன கதையைத்தான் யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் அது போகவே இல்லை. ஏழு மாதம் மனுஷன் அதோடு மல்லுக்கட்டினார். கை இளைத்தது, கால் இளைத்தது, கழுத்தெலும்பு தெரிந்தது, மோதிரம் விரலில் நிற்காமல் கழன்று கழன்று விழுந்தது. தொப்பை மட்டும் வாடகை பாக்கியில்லாத குடித்தனக்காரர் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அவருக்கு வேலை நத்தம் ரோட்டில், சாணார்பட்டி தாண்டி ஓர் எடை மேடையில். லாரி வந்து மேடையில் ஏறும். இவர் கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து எடை பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பார். தேங்காய், மக்காச்சோளம், தக்காளி, வைக்கோல் என்று எது வந்தாலும் இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. தொப்பை எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்கள் அந்த நாற்காலியைப் பார்த்தால் போதும், நடுவில் குழி விழுந்திருக்கும்.

எடை விஷயத்தில் ஆள் கறார். சரக்கு குறைந்தால் டிரைவர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். வெயிலில் மக்காச்சோளம் காய்ந்துவிட்டது என்பார்கள், வழியில் தக்காளி தண்ணி விட்டுவிட்டது என்பார்கள். உடையப்பன் தலையைக்கூடத் தூக்க மாட்டார். "மேடை பொய் சொல்லாதுப்பா" என்பார். அம்புட்டுதான் பேச்சு. ஒரு கிலோ யாருக்கும் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. அப்பேர்ப்பட்ட ஆள் தானே தராசில் ஏற வேண்டிய நாள் வந்தது.

விஷயம் இதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் உடையப்பனுக்கு மஞ்சள் காமாலை முற்றி, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்தார். இனிமேல் கஷ்டம்தான் என்று சொந்தக்காரர்கள் ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொண்ட சமயத்தில், அவர் சம்சாரம் பேச்சாயி ஊர் முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். மனுஷன் எழுந்து வந்தால் எடைக்கு எடை வெல்லம் வைத்துத் துலாபாரம் கொடுக்கிறேன் என்று. மனுஷனும் எழுந்து வந்தார். வந்தவர் நேர்த்தியைச் செலுத்த வேண்டுமா இல்லையா? முதல் வருஷம் தெம்பு இல்லை என்றார். இரண்டாம் வருஷம் போர்வெல் போடுகிற வேலை இருக்கிறது என்றார். மூன்றாம் வருஷம் தொப்பை வந்துவிட்டது, அதற்கப்புறம் காரணமே சொல்லவில்லை. தராசுத் தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொப்பை மடியில் இறங்கிக்கிடக்க, ஊரே சுற்றி நின்று பார்ப்பதை நினைத்தாலே அவருக்கு வேர்த்துவிடும்.

போன ஆவணியில் மகள் தமிழ்மதிக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை வீடு ஒட்டன்சத்திரம் பக்கம், கல்யாணம் வைகாசியில். சாமிக்குச் சொன்னதைப் பாக்கி வைத்துக்கொண்டு வீட்டில் பந்தக்கால் ஊன்ற விட மாட்டேன் என்று பேச்சாயி ஒற்றைக் காலில் நின்றாள். பங்குனி உத்திரத்தன்று துலாபாரம் என்று முடிவானது. நிச்சயதார்த்தப் பந்தியில் வைத்தே அதைச் சம்பந்தி காதில் போட்டது பேச்சாயியின் தம்பி பாண்டியராஜ். வேன் ஓட்டுகிறவன், வாயும் ஓட்டுவான். சம்பந்தி முருகேசன் முருங்கைக்காய் உடம்புக்காரர். அவர் உடையப்பனை மேலும் கீழும் பார்த்துவிட்டு மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"ஏனுங்க சம்பந்தி, தராசு தாங்குமுங்களா?"

பந்தியில் இருந்த நாற்பது பேரும் சிரித்தார்கள். உடையப்பனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இலையில் இருந்த லட்டை ஓரமாக ஒதுக்கினார். அப்போது அவர் எடை எண்பத்து நாலு. உத்திரத்துக்குள் எழுபத்திரண்டுக்கு வந்து காட்டுகிறேன் என்று அந்தப் பந்தியிலேயே வாயை விட்டார். நாற்பது பேர் சாட்சி, அதில் பாதிப் பேர் சம்பந்தி வீட்டு ஆட்கள்.

மறுநாளே ஆரம்பமானது. காலையில் கம்பங்கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். மத்தியானம் ஒரு கரண்டி சோறு, மூன்று கரண்டி வெஞ்சனம். சாயங்காலம் பாசிப்பயறுச் சுண்டல், பொழுது சாய்ந்ததும் ஒரே ஒரு கேப்பை ரொட்டி. டீக்கடையில் சீனி போடாத டீ. கடைக்காரர் அவர் சொன்னதை நம்பாமல் முதல் வாரம் முழுக்கப் பாதிச் சீனி போட்டே கொடுத்தார். திண்டுக்கல்லுக்குப் போனால் பிரியாணிக்கடை இல்லாத தெருவாகப் பார்த்துப் போவது என்று ஒரு தீர்மானம் எடுத்தார். அந்த ஊரில் அப்படித் தெரு தேடினால் பஸ் ஸ்டாண்டை விட்டே வெளியே வர முடியாது. அதனால் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு நடந்தார். பார்த்தவர்கள் தூசி ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்துக்கொண்டார்கள்.

பேச்சாயி எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. கேட்டதை ஆக்கிக் கொடுத்தாள். வற்புறுத்தவும் இல்லை, பாராட்டவும் இல்லை. சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். தன் வைராக்கியத்தைப் பார்த்து மலைத்துப்போயிருக்கிறாள் என்று உடையப்பன் எடுத்துக்கொண்டார். ஆம்பளைகள் இப்படி எடுத்துக்கொள்வது ஒன்றும் புதிதில்லை.

தினமும் விடிந்ததும் ஆறு கிலோமீட்டர் நடை. அப்புறம் சாணார்பட்டியில் முகேஷ்குமார் என்கிற பையன் நடத்தும் ஜிம்மில் ஒரு மணி நேரம். அவன் ஒரு கையால் தூக்கும் இரும்பை இவர் இரண்டு கையாலும் முக்கி முக்கித் தூக்கினார். போகிறபோக்கில் எடை மேடையிலும் அவ்வப்போது ஏறி நின்று பார்த்தார். லாரிக்குச் செய்த மேடை, பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். ஆவணியில் எண்பது என்று காட்டியது. மார்கழியிலும் எண்பது என்றே காட்டியது. பொய் சொல்லாத மேடை மேல் அவருக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது.

ஜிம் தராசு அப்படியில்லை. கார்த்திகையில் எழுபத்தொன்பது, மார்கழிக் கடைசியில் எழுபத்தேழு. ஐந்து மாதத்தில் ஏழு கிலோ! உடையப்பன் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். இதே வேகத்தில் போனால் பங்குனியில் எழுபத்திரண்டைத் தொட்டுவிடலாம், ஒருவேளை எழுபத்தொன்றுகூட ஆகலாம். கணக்குப் போட்ட சூட்டில் ஒரு காரியம் செய்தார். புது வெல்லம் வருகிற தை மாசமாகப் பார்த்து, மண்டியில் நயமான உருண்டை வெல்லம் சரியாக எழுபத்திரண்டு கிலோ வாங்கி, பாண்டியராஜ் வேனில் ஏற்றி வீட்டில் இறக்கிவிட்டார்.

அவர்கள் வீட்டு வழக்கத்தில், நேர்த்திப் பொருளை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டால் அதோடு சரி. அந்த மூட்டையைப் பிரிக்கக் கூடாது, அதில் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. வேறு எந்த ஊர்க்காரனாவது உடம்பு இறங்குவதற்கு முன்னால் வெல்லத்தை இறக்குவானா? இவர் இறக்கினார். பாதிப் பாதியாக இரண்டு மூட்டை, முப்பத்தாறு, முப்பத்தாறு. பேச்சாயி முடிச்சுப் போடும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இம்புட்டு போதுமா?" தாராளமாகப் போதும் என்றார். அவள் முடிந்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். தம்பி கூரையைப் பார்த்தான்.

வெல்லம் வந்த அன்றோடு எடை நின்றது.

தை பூராவும் எழுபத்தேழு. ஒரு வாரம் முக்கால் கிலோ போகும், அடுத்த வாரம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளும். கேப்பை ரொட்டியைப் பாதியாக்கினார், நடையை ஒன்பது கிலோமீட்டர் ஆக்கினார். மாசியிலும் எழுபத்தேழு. ரத்தம் கொடுத்துச் சோதித்தும் பார்த்தார். சுகர் இல்லை, தைராய்டு இல்லை, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார். இவருக்குத்தான் அழுகை வந்தது. ஏதாவது ஒரு கோளாறு இருந்திருந்தால் அதன் மேல் பழியைப் போட்டிருக்கலாம்.

முகேஷ்குமார் பொறுமைசாலி. அவரை உட்கார வைத்து விளக்கினான். "அங்கிள், எங்க இருந்து கொழுப்பை எடுக்கணும்னு ஒடம்புக்கு நாம ஆர்டர் போட முடியாது. அது இஷ்டப்பட்ட எடத்துல இருந்துதான் எடுக்கும். உங்களுக்கு வயித்தைக் கடைசியா வெச்சிருக்கு. வயசும் ஐம்பத்தொண்ணு ஆச்சுல்ல, மெதுவாத்தான் போகும்." எவ்வளவு மெதுவாக என்று உடையப்பன் கேட்டார். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகலாம் என்றான். உத்திரத்துக்கு இன்னும் இருபத்தெட்டு நாள்தான் இருந்தது.

இதற்கிடையில் ஊர் சும்மா இருக்குமா? பார்க்கிறவர்கள் எல்லாம் அவர் தொப்பையை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தார்கள். சுகரா, வேறு ஏதாவதா, ரிப்போர்ட் எடுத்தீர்களா என்று குரலை இறக்கி விசாரித்தார்கள். கடன் தொல்லையா என்றுகூட ஒருத்தர் கேட்டார். உடம்பைக் குறைக்கிறேன் என்று இவர் சொன்னால், அவர்கள் கண் நேராக வயிற்றுக்குப் போய் அங்கேயே நின்றுவிடும்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவைக் குடைந்தபோது அடியில் ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை கிடைத்தது. எந்தக் காலத்துச் சட்டை என்று அவருக்கு ஞாபகமில்லை. போட்டுப் பார்த்தார். தோள் கச்சிதமாகப் பொருந்தியது. கை பொருந்தியது. கடைசி மூன்று பட்டன் மட்டும் எட்டவில்லை, அதை விடுங்கள். தோள்பட்டை இளைத்த சந்தோஷத்தில் அப்படியே அடுப்படிக்குப் போய்ப் பேச்சாயி முன்னால் நின்றார். பேச்சாயி கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. அவர் தோளிலிருந்து சட்டையைக் கழற்றி வாங்கினாள். சாயங்காலம் பார்த்தால் அது நாலு துண்டாகக் கிழிபட்டு, சூடான பாத்திரம் பிடிக்கிற துணியாக ஆணியில் தொங்கியது. நல்ல சட்டையை ஏன் கிழித்தாய் என்று கேட்டதற்கு, அடுப்படிக்குத் துணி இல்லை என்றாள். கோபமாகச் சொன்ன மாதிரியும் இருந்தது, அழுகிற மாதிரியும் இருந்தது. உடையப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பாண்டியராஜ் அடிக்கடி வந்து வெல்ல மூட்டைகளைக் குசலம் விசாரித்துவிட்டுப் போனான். மூட்டையைச் சுற்றி எறும்பு வராமல் மஞ்சள்தூள் கோடு போட்டிருந்ததைப் பார்த்து, தன் வீட்டிலும் எறும்புத் தொல்லை தாங்கவில்லை, கொஞ்சம் மஞ்சள்தூள் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு போனான். வேன்காரன் வீட்டில் எறும்புக்கு என்ன வேலை என்று உடையப்பன் யோசிக்கவில்லை. அவருக்கு யோசிக்கத் தெம்பில்லை, கூழைத் தண்ணியாக்கி இருந்தார்.

இன்னும் ஐந்து கிலோ வெல்லம் வாங்கித் தனி முடிச்சாகப் போட்டுவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அவருக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் அப்படி வாங்கினால் ஏழு மாதத்துப் பட்டினிக்கு என்ன மரியாதை? எழுபத்திரண்டு என்று நாற்பது பேர் முன்னால் சொன்ன வார்த்தைக்கு என்ன மரியாதை? எடை பார்த்தே பிழைக்கிறவன் தன் எடை தெரியாமல் பேசினான் என்று ஒட்டன்சத்திரம் வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். மகள் போய் வாழப்போகிற வீடு அது. முருகன் பார்த்துக்கொள்வார் என்று ஒரே பிடியாக இருந்துவிட்டார்.

உத்திரம் வந்தது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து உடையப்பன் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கவில்லை, கேட்டவர்களிடம் விரதம் என்றார். கோயிலில் காவடிக் கூட்டம். மண்டபத்துக்கு முன்னால் பெரிய தராசு தொங்கியது, சங்கிலி மாட்டிய இரண்டு பலகைத் தட்டு. சம்பந்தி வீட்டார் வேனில் வந்து இறங்கி, முதல் வரிசையில் இடம் பிடித்தார்கள். உடையப்பன் சட்டையைக் கழற்றினார். வாட்ச், மோதிரம், செல்போன் எல்லாவற்றையும் மகளிடம் கொடுத்தார். வேட்டி மடிப்பில் இருந்த சாவிக்கொத்தைக்கூட எடுத்துக் கொடுத்தார். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு தட்டில் உட்கார்ந்தார். மூச்சை இழுத்தால் எடை குறையாது என்று இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் அவருக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் இழுத்தார்.

எதிர்த் தட்டில் ஒரு மூட்டை வைத்தார்கள். இரண்டாவதை வைத்தார்கள். எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். சங்கிலி ஒருமுறை கிறீச் என்றது. உடையப்பனின் தட்டு தரையை விட்டு ஒரு நூல்கூட எழும்பவில்லை.

பூசாரி இன்னும் வெல்லம் எங்கே என்பது போலப் பார்த்தார். எழுபத்திரண்டுதான் கொண்டுவந்தது என்று யாரோ பின்னால் சொன்னது கேட்டது. உடையப்பன் குனிந்து பார்த்தார். கை கம்பு மாதிரி இருந்தது, முழங்கால் முட்டி துருத்திக்கொண்டிருந்தது, அதற்கு நடுவில் தொப்பை உருண்டையாக, ஒரு குறையும் இல்லாமல் மடியில் இருந்தது. ஏழு மாசம் வயிற்றைக் காயப்போட்டது இதற்குத்தானா? வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"தையில வாங்குன வெல்லம். காஞ்சிருக்கும்."

பாண்டியராஜ் இதற்காகத்தான் பிறந்தவன் மாதிரி முன்னால் வந்தான். "மேடை பொய் சொல்லாது மச்சான்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சம்பந்தி முருகேசன் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம். அவர் பாவமாகப் பார்த்தார். உடையப்பன் எழுந்து ஓடிவிடலாம் என்று ஒரு காலை ஊன்றினார்.

"உக்காருங்க" என்றாள் பேச்சாயி.

அவள் தம்பிக்குக் கண்ணைக் காட்டினாள். பாண்டியராஜ் தன் வேனுக்குப் போய், இன்னொரு மஞ்சள் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். துணியெல்லாம் மஞ்சள்தூள், அதையும் மீறி நாலைந்து எறும்பு. தையில் வெல்லம் வாங்கிய அன்றைக்கு, அதே மண்டியில், அதே வெல்லத்தில் பேச்சாயி சொல்லித் தனியாக வாங்கி, அதே நாளில் முடிந்து, தம்பி வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் வைத்த மூட்டை அது. பன்னிரண்டு கிலோ. எழுபத்திரண்டோடு அதை உடையப்பன் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். எண்பத்து நாலு. ஆவணியில் அவர் இருந்த எடை, ஒரு கிலோ கூடாமல் குறையாமல்.

மூட்டையைத் தட்டில் வைத்ததுதான் தாமதம், வெல்லத் தட்டு தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. உடையப்பன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அந்தரத்துக்குப் போனார். கால் எட்டவில்லை. குலவை போட்டார்கள். எடை அதிகமாகப் போய்விட்டது, கொஞ்சம் எடுத்துவிடலாம் என்று பூசாரி கையை நீட்டினார்.

பேச்சாயி தடுத்தாள். அவள் கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை. சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தரத்தில் தொங்கும் புருஷனை அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்.

"எடுக்க வேணாஞ்சாமி. மதுரையில இருந்து இவரைக் கூட்டியாரப்ப நாப்பத்தொம்பது கிலோ. ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தாரு, கன்னம் ரெண்டும் குழி. என் தம்பி ஒத்தை ஆளா தூக்கி வேன்ல வெச்சான். உசுரு மட்டும் போதும்னு நான் கேக்கலை. இந்த மனுசன் ஒடம்புல சதை புடிக்கட்டும், எம்புட்டுப் புடிக்குதோ அம்புட்டுக்கும் வெல்லம் போடுறேன்னு கேட்டேன். சாமி எண்பத்து நாலு குடுத்துச்சு. இவரு ஓடி ஓடிக் கரைச்சா, நான் குறைச்சா குடுக்க முடியும்?"

பூசாரி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பாண்டியராஜ் தராசுக் கம்பத்தைத் தடவிக்கொண்டு நின்றான்.

உடையப்பனுக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து அவள் எதைப் பார்த்தாள் என்று. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கன்னம் ஒட்டிப்போய், இளித்துக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நின்றோமே என்று. ஏழு மாதம் அவர் வயிற்றைப் பார்த்துப் பார்த்துப் பயந்தார், அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பயந்திருக்கிறாள். அவருக்குக் கண் கலங்கியது. துடைக்கலாமென்றால் இரண்டு கையும் சங்கிலியில் இருந்தது.

"எறக்கி விடு மாப்ள" என்றார் பாண்டியராஜிடம்.

அவன் உடனே இறக்கவில்லை. சம்பந்தி வீட்டார் எல்லாரும் ஒரு போட்டோ எடுக்கும் வரைக்கும் அந்தரத்திலேயே வைத்திருந்தான்.

அந்த வெல்லத்தில் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். வெல்லம் தாராளமாக இருந்ததால் அப்படி இனித்தது. சம்பந்தி முருகேசன் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சம்பந்தியோட புண்ணியமுங்க என்றார். உடையப்பன் இலையில் பேச்சாயி ஒரு கரண்டி வைத்தாள். ஏழு மாதம் கழித்து இனிப்பு நாக்கில் பட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். சாப்பிட்டு முடித்து, இன்னொரு கரண்டிக்கு இலையை லேசாக நகர்த்தினார். போதும், நாளைக்கு நடக்கப் போக வேண்டாமா என்றாள் பேச்சாயி.

"போகவா?" என்றார்.

"போங்க. நடங்க, ஓடுங்க, என்னமும் பண்ணுங்க. வயித்தோட சண்டை போடுங்க. கன்னத்தை மட்டும் விட்ருங்க."

மறுநாள் நடக்கப் போனார், திரும்பி வந்து முழுசாக இரண்டு கேப்பை ரொட்டி தின்றுவிட்டு வேலைக்குப் போனார். மத்தியானம் தேங்காய் லாரி ஒன்று மேடையில் ஏறியது. டிரைவருக்கு உத்திரத்து விஷயம் எப்படியோ எட்டியிருந்தது. சீட்டு வாங்க ஜன்னலில் தலையை விட்டவன், கண்ணில் குறும்போடு, தராசில் எத்தனை கிலோ வந்தது என்று கேட்டான்.

"எண்பத்து நாலு" என்றார் உடையப்பன்.

டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்தான். "பாத்தா அம்புட்டுத் தெரியலையேண்ணே."

உடையப்பன் சீட்டைக் கிழித்து நீட்டினார்.

"எண்பத்து நாலுதாம்ப்பா. எம்பொண்டாட்டி போட்ட எடை."